வலிக்காக ஊர் மாற வேண்டுமா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பி பிளாக்கில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, கார் நிறுத்தம் எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறீர்கள். தலைப்பைக் கேட்டுச் சிலர் சிரித்தீர்கள். கஞ்சா என்றாலே நமக்குப் போலீஸ் சோதனைதான் ஞாபகம் வரும். ஆனால் இந்த ஆறு மாதத்தில் நம் குடியிருப்பிலேயே மூன்று குடும்பத்தார் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். "வெளிநாட்டில் கஞ்சாவை மருந்தாகச் சட்டப்படி தருகிறார்களாமே, வலிக்கு நல்லா கேட்குமாமே, அங்கேயே போய் இருந்துவிடலாமா?"

அதில் ஒரு குடும்பத்தின் நிலையை அவர்கள் அனுமதியோடு சொல்கிறேன், கதவு எண் மட்டும் வேண்டாம். அம்மாவுக்கு 74 வயது. அக்கி வந்து ஆறி இரண்டு வருடம் ஆகிறது. புண் போய்விட்டது, வலி போகவில்லை. விலாவில் புடவை உரசினாலே நெருப்புப் பட்டதுபோல் எரிகிறது, ராத்திரி தூக்கமில்லை. மகள் கனடாவில் இருக்கிறார். ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அங்கே போய்விடலாமா என்று யோசிக்கிறார்கள். இது வேடிக்கையான கேள்வி இல்லை. வலியோடு இருப்பவர்களுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை.

இப்படி ஊர் மாறியவர்கள் உண்மையிலேயே உண்டு. 2013-க்குப் பிறகு, அமெரிக்காவின் பல மாநிலங்களிலிருந்து வலிப்பு நோயுள்ள பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர்கள் கொலராடோ மாநிலத்துக்குக் குடிபோனார்கள். சொந்த ஊரில் குற்றமாக இருந்த எண்ணெய் அங்கே மருந்தாகக் கிடைத்தது. ஆனால் அங்கே மருத்துவ அட்டை வாங்க அந்த மாநிலத்தில் குடியிருக்க வேண்டும். மருந்தை எடுத்துக்கொண்டு மாநில எல்லையைத் தாண்டினால் மத்தியச் சட்டப்படி குற்றம். அதனால் வேலை, வீடு, சொந்தபந்தம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று.

நம் வீட்டுப் பெரியவர்கள் போனால் என்ன ஆகும்? அமெரிக்காவுக்கு நாம் போவது பெரும்பாலும் விசிட்டர் விசாவில். மாநிலம் அனுமதித்தாலும் விசாவைக் கையாள்வது மத்திய அரசு. கஞ்சா உபயோகித்ததாக ஒருவர் ஒப்புக்கொண்டால், மாநிலச் சட்டம் எப்படி இருந்தாலும், அடுத்த முறை நாட்டுக்குள் விடாமல் திருப்பி அனுப்ப அதுவே காரணமாகலாம். கிரீன் கார்டு, குடியுரிமை கேட்டு நிற்கும் பிள்ளைகளுக்கும் இதே ஆபத்து உண்டு.

கனடாவில் 2001 முதல் மருத்துவத்துக்கும், 2018 அக்டோபர் 17 முதல் பெரியவர்களின் பொது உபயோகத்துக்கும் அனுமதி இருக்கிறது. ஆனால் மருத்துவ முறையில் பதிவு செய்ய அங்கே வழக்கமாகக் குடியிருப்பவராக இருக்க வேண்டும். சூப்பர் விசாவில் பெற்றோரை அழைத்தால் குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்குத் தனியார் மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அது பணம் தருமா என்பதைப் பாலிசியைப் படித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். திரும்பி வரும்போது ஒரு சொட்டு எண்ணெயைக்கூட எல்லை தாண்டிக் கொண்டுவரக் கூடாது.

அடுத்தது, அது வலியைக் கேட்குமா? ஜெர்மனியில் 2017 முதல் மருத்துவர் சீட்டில் தருகிறார்கள். அங்கே வாங்கியவர்களில் பெரும்பாலோர் நாள்பட்ட வலிக்காரர்கள்தான். சிலருக்குக் குறைகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பிரிட்டனில் 2018 நவம்பரில் சட்டம் அனுமதித்த பிறகும், அடுத்த ஆண்டே அந்நாட்டின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், நாள்பட்ட வலிக்கு இதைத் தர வேண்டாம் என்றது. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கமும் 2021-இல், பொதுவாகப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று போதவில்லை என்று சொல்லிவிட்டது. வயதானவர்களுக்குத் தலைசுற்றல், தடுமாறி விழுதல், ரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் போன்ற மாத்திரையோடு ஒத்துப்போகாமை என்ற சங்கடங்களும் உண்டு. ஆக, வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகும் அளவுக்கு உத்தரவாதமான மருந்து இல்லை இது.

"நம் நாட்டுச் செடிதானே, இங்கேயே கிடைக்காதா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஓ'ஷாக்னெசி என்ற டாக்டர் 1839-இல் கல்கத்தாவில் மூட்டுவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதிய பிறகுதான் மேல்நாட்டு மருத்துவம் இதை எடுத்துக்கொண்டது. இன்றைய சட்டம் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம். அது பூவும் காயும் உள்ள நுனியைக் கஞ்சா என்கிறது. தனி இலையையும் விதையையும் அதில் சேர்க்கவில்லை. அதனால்தான் வாரணாசியில் பாங் கடை இருக்கிறது, ஆயுர்வேதத்தில் 'விஜயா' என்ற பெயரில் இலை மருந்துகள் வருகின்றன. அவை சட்டப்படியே நச்சுப் பொருள் பட்டியலில் உள்ளவை. மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் சாப்பிட வேண்டும் என்று லேபிளில் அச்சிட்டிருக்கும். பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் ஆன்லைனில் வாங்காதீர்கள். தெருவில் யாரோ தரும் பொட்டலத்தை மருந்து என்று நினைக்கவே நினைக்காதீர்கள். ஒரு கிலோவரை வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "எனக்கு முதுகுவலி" என்பது சட்டத்தில் விலக்கு இல்லை.

2020 டிசம்பர் 2-ஆம் தேதி ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க 27-க்கு 25 என்ற கணக்கில் வாக்களித்தது. இந்தியாவும் ஆதரித்தது. அதைப் படித்துவிட்டு இங்கே அனுமதி வந்துவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். நம் சட்டம் மாறவில்லை. தாய்லாந்து சுற்றுலா போய் கஞ்சா மிட்டாய் வாங்கிவந்து விமான நிலையத்தில் மாட்டாதீர்கள். போதைப்பொருள் கலந்த பொருளின் மொத்த எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சிங்கப்பூர் வழியாக வருபவர்களுக்கு ஒரு சேதி: அங்கே 500 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்குத் தண்டனை. 2023 ஏப்ரலில் தங்கராஜு சுப்பையா என்ற தமிழர் சுமார் ஒரு கிலோ கஞ்சா வழக்கில் தூக்கிலிடப்பட்டார்.

சரி, இங்கே என்ன இருக்கிறது? நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். நாம் தேடுவது கஞ்சாவை அல்ல, வலி குறைவதை. அதற்கு உள்ளூரில் உள்ள வழிகளைக் கேட்டுப் பார்க்காமலே ஊர் மாற யோசிக்கிறோம்.

மார்பினை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு அபினி விளைகிறது. ஆனால் 1985 சட்டத்தின் லைசென்ஸ் கெடுபிடிக்குப் பயந்து ஆஸ்பத்திரிகளும் மருந்துக்கடைகளும் ஒதுங்கின. 1997-இல் நாடு முழுவதற்கும் மருத்துவத்துக்குப் போன மார்பின் 18 கிலோதான். புற்றுநோயாளிகள் துடித்தார்கள். திருவனந்தபுரம் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இப்போது அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அனுமதி போதும். ஊர் மாறாமல் சட்டத்தை மாற்றிக்காட்டிய கதை இது. மார்பின் எல்லா வலிக்கும் அல்ல, பெரும்பாலும் புற்றுநோய் போன்ற கடும் வலிக்கு. ஆனால் உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், "வலிக்கு மார்பின் தர முடியுமா, இங்கே இல்லாவிட்டால் எங்கே கிடைக்கும்?" என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

அக்கி வலி, சர்க்கரை நோயில் வரும் கால் எரிச்சல் இவை நரம்பு வலி. சாதாரண வலி மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்காது. கேபாபென்டின், பிரீகாபாலின், அமிட்ரிப்டிலின் என்று தனி மருந்துகள் உண்டு. தூக்கக் கலக்கம் வரும் என்பதால் குறைந்த அளவில் தொடங்கி டாக்டர்தான் கூட்ட வேண்டும். அந்த அம்மா இரண்டு வருடமும் சாதாரண வலி மாத்திரைதான் போட்டுவந்திருக்கிறார். நரம்பு வலி மருந்தைப் பற்றி யாரும் அவரிடம் பேசவே இல்லை. டிராமடால் 2018 ஏப்ரல் முதல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. சீட்டு இல்லாமல் கடைக்காரர் தர மறுத்தால் அவரிடம் சண்டை போடாதீர்கள்.

நம் பக்கத்து லாரி டிரைவர்களுக்கும் தறி ஓட்டுபவர்களுக்கும் இடுப்புவலி என்றால், மாத்திரையைவிட முறையான பிசியோதெரபி பெரிய மருந்து.

நீங்கள் செய்ய வேண்டியவை நான்கு.

ஒன்று, இரண்டு வாரம் வலி நோட்டு எழுதுங்கள். நேரம், இடம், பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை, தூக்கம் எத்தனை மணி.

இரண்டு, அதோடு வலி மருத்துவ நிபுணரைப் பாருங்கள். சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. வலி சிகிச்சை, வலி தணிப்புச் சிகிச்சை எந்தப் பிரிவில், எந்தக் கிழமையில் என்று அங்கேயே விசாரியுங்கள்.

மூன்று, படுக்கையில் இருப்பவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும். 2021 ஆகஸ்டில் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. ஃப்ளாட்காரர்களுக்குக் கிடையாது என்று நினைக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ 104 எண்ணிலோ கேளுங்கள்.

நான்கு, வலி மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். இந்தக் குடியிருப்பில் பள்ளிப் பிள்ளைகள் நிறைய.

இதையெல்லாம் செய்தும் தீராவிட்டால், பிள்ளைகளிடம் போவது உங்கள் முடிவு. போகும் நாட்டின் வக்கீலையும் டாக்டரையும் முதலில் கேட்டுவிட்டுப் போங்கள்.

"வயசானா வலி வரத்தானுங்க செய்யும்" என்று நம் ஊரில் சொல்லிச் சொல்லியே பெரியவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். நாமும் கேட்பதில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அப்பா, அம்மா, மாமனார், மாமியாரிடம் வலி எத்தனை என்று கேளுங்கள். பத்துக்கு ஏழு என்று சொன்னால், அடுத்த வாரமே அழைத்துப் போங்கள். துணைக்கு ஆள் இல்லாதவர்கள் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.