மடம் மூடினாலும் நட்பு மூடலாமா?



இணைய விளையாட்டு இளைஞரைத் தனிமையில் ஆழ்த்துகின்றது எனப் பெரியோர் கவலையுறுகின்றனர். ஆனால், ஆடுவோர் தேடுவது ஆட்டத்தை மட்டுமன்று. கூட ஆடும் தோழரையுமாகும்.

அமெரிக்காவில் 1997 ஆம் ஆண்டு 'குவேக்' என்னும் கணினி விளையாட்டுப் போட்டியில் வென்று, பெராரி காரொன்றைப் பரிசாகப் பெற்றவர் டெனிஸ் ஃபொங். பின்னர் அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து 'எக்ஸ்ஃபயர்' என்னும் சேவையை உருவாக்கினர். நண்பர் எந்த விளையாட்டில், எவ்விடத்தில் ஆடுகின்றார் என்பதை அது காட்டிற்று. உடனே சென்று சேரவும், உரையாடவும் வழி செய்தது. 2006 இல் வயாகொம் கம்பனி அதனை ஏறக்குறைய பத்துக் கோடி டொலருக்கு வாங்கிற்று. பின்னர் அது கைமாறியது. 2015 இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் 'டிஸ்கோர்ட்' தோன்றியது. இடம் மாறிற்று; கூடிப் பேசும் ஆசை மாறவில்லை.

இத்தகைய சேவைகள் வழிப்போக்கர் மடம் போன்றவை. திறவுகோல் நம்மிடம் இல்லை; உரிமையாளரிடம் உள்ளது. மடம் பூட்டப்படும் நாளில், புனைபெயரால் மட்டும் அறிந்த தோழரை எங்கே தேடுவது?

பெரியோர்களே, அங்கு மலரும் நட்பைப் பொய்யென்று ஒதுக்காதீர்கள். பிள்ளையிடம், "யாருடன் ஆடுகின்றாய்?" என்று அன்போடு கேளுங்கள். தோழர்களே, நெடுநாட் பழகி நம்பிக்கைக்குரியவராய்க் கண்ட நண்பருடன் வேறொரு தொடர்பையும் பேணுங்கள். கம்பனி இடத்தைத் தரலாம். நட்பைக் காப்பது நமது கடன்.