காற்றொடு பொருத வண்டி
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நன்னூலும் நளவெண்பாவும் பாடஞ்சொல்லும் ஒருவன் மோட்டார் வண்டியைப்பற்றிப் பேச எழுந்தமை உங்களுட் சிலர்க்கு வியப்பையும் வேறு சிலர்க்கு நகைப்பையும் விளைத்தல் கூடும். இதற்குக் காரணமாயினார் நம் இளைஞருள் ஒருவரே. சென்ற கூட்டம் முடிந்தபின் அவர் என்னை அணுகி, “ஐயா, பெரிய எஞ்சினைப் பூட்டினால் வண்டி விரைந்தோடும். இது யார்க்குந் தெரிந்ததுதானே? பந்தய வண்டி செய்வதில் அறிவுக்கு என்ன வேலை இருக்கிறது?” என்று வினவினார். அன்று எனக்கு விடை தோன்றவில்லை. தோன்றாத விடையைத் தோன்றியதுபோற் காட்டுதல் ஆசிரியர்க்கு அடாது. ஆதலின், நூல்களிற் படித்துணர்ந்தவற்றை இன்று அவர்க்கும் உங்களுக்குங் கூறவந்தேன்.

1938-ஆம் ஆண்டின் செய்தியொன்றிலிருந்து தொடங்குகின்றேன். அமெரிக்க நாட்டில், யூட்டா மாகாணத்தில், பான்வில் என்றோர் உப்புவெளி உண்டு. பண்டைக்காலத்துப் பேரேரியொன்று வற்றியதனால் அமைந்தது அது. மரமில்லை, புல்லில்லை, மைற்கணக்காக வெண்ணிறத் தரையே பலகைபோற் பரந்து கிடக்கும். உலகில் மிக விரைந்த வண்டி எது என்பதை முடிவுசெய்தற்கு அவ்வாண்டு அங்கே இங்கிலாந்து நாட்டார் இருவர் வந்திருந்தனர். ஒருவர் ஜார்ஜ் ஐஸ்டன். ‘தண்டர்போல்ட்’ என்னும் அவர் வண்டி ஏறத்தாழ 7 டன் எடையுடையது. விமானப் பந்தயத்திற்கென்று ஆக்கப்பட்ட ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின்கள் இரண்டு அதனுள் இருந்தன. இரண்டின் ஆற்றலும் கூடி 4,000 குதிரைச் சக்திக்கு மேற்பட்டது. மற்றவர் ஜான் காப்; மென்மயிர்த் தோல் வாணிகர்; பெருத்த உடலும் சுருங்கிய சொல்லும் உடையவர். அவர் வண்டி 3 டன்னுக்குச் சிறிதே மிக்கது. அதிலிருந்த நேப்பியர் லயன் எஞ்சின்கள் இரண்டும் கூடித் தரும் ஆற்றலோ சுமார் 2,500 குதிரைச் சக்தி.

யானையும் ஆடும் பொருதாற்போன்ற இப்போரின் முடிவைக் கேளுங்கள். ஆகஸ்டு மாதத்தில் ஐஸ்டன் மணிக்கு 345.50 மைல் ஓடினார். செப்டம்பர் 15-இல் காப் 350.20 மைல் ஓடினார். மறுநாளே ஐஸ்டன் 357.50 மைலோடி அதனை வென்றார். அடுத்த ஆண்டு, 1939 ஆகஸ்டு 23-இல், காப் 369.70 மைலோடி முன்னின்றார். ஏறக்குறையப் பாதி ஆற்றலுடைய வண்டி இருமடங்கு ஆற்றலுடையதனைப் பின்னிட்டது. எங்ஙனம் இது கூடிற்று?

இடையே சுவையான நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஐஸ்டன் ஒருமுறை ஓடிய ஓட்டத்தைக் காலங்கணிக்குங் கருவி குறிக்கவேயில்லை. ஒளிக்கதிரை வண்டி மறைக்குங் கணத்தைக் கொண்டு காலங்கணிப்பது அக்கருவி. வெள்ளிபோல் மின்னிய அலுமினிய வண்டியை வெண்ணிற உப்புவெளியினின்றும் அது வேறுபிரித்தறியவில்லையாம்! பிறகு வண்டியின் பக்கங்களிற் கருமை பூசிக்கொண்டு ஓடினார். ஆயிரக்கணக்கான குதிரைச் சக்தி செய்யமாட்டாத ஒன்றைச் சிறிது கரிய வர்ணஞ் செய்தது.

வினாவுக்கு வருவோம். நிலத்தில் விரைந்தோடும் வண்டிக்குப் பெரும்பகை காற்றே. நாம் நடக்கும்போது காற்று இருப்பதே தெரிவதில்லை. ஆனால் வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அவ்வெதிர்ப்பை வென்று அவ்வேகத்திற் செல்லுதற்கு வேண்டிய ஆற்றலோ எட்டு மடங்காகும். ஆகவே எஞ்சினைப் பெருக்குவது ஒரு வழியே எனினும், அது சிறிது தூரமே செல்லும் வழி. பெரிய எஞ்சின் பெரிய உடலை வேண்டும். பெரிய உடல் பெரிய எதிர்ப்பை வருவிக்கும்.

ஆற்றுநீரின் நடுவே நிற்கும் பாறையைப் பார்த்திருப்பீர்கள். நீர் முன்னே மோதுவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் பாறையின் பின்புறத்தைக் கூர்ந்து நோக்குங்கள். அங்கே நீர் சுழித்துச் சுழித்து நிற்கும். அச்சுழிப்பே பொருளைப் பின்னிழுக்கும் விசை. காற்றிலும் இஃதே. முன்பக்கத்தைக் கூராக்கிவிட்டால் போதும் என்று நினைப்பது பலர்க்கும் இயல்பு. உண்மையில், விலகிய காற்று சுழியாமல் மீண்டும் ஒன்றுகூடும்படி பின்பக்கத்தை நீள ஒடுக்குவதே அரிய கலை. மீனின் உடல் முன்னே பருத்துப் பின்னே சிறுத்திருத்தலை நோக்குக. மழைத்துளியைச் சான்றுகாட்டி வாலுடன் படம் வரைவார் உளர், அது பிழை. வீழுஞ் சிறுதுளி உருண்டையாகவே இருக்கும். மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

காப்பின் வண்டிக்கு இவ்வடிவைக் கொடுத்தவர் ரீட் ரெயில்டன் என்னும் எஞ்சினீயர். அவரது பணியைச் சொல்லுமுன் அவருடைய ஆசிரியரைச் சொல்லவேண்டும். வேல்ஸ் நாட்டவராகிய பாரி தாமஸ் என்பவரிடம் ரெயில்டன் இளமையிலே துணைவராகத் தொழில் பயின்றார். தாமஸ் 27 லிட்டர் விமான எஞ்சின் பூட்டிய ‘பாப்ஸ்’ என்னும் வண்டியில் 1926-இல் பெண்டைன் கடற்கரை மணலில் மணிக்கு 171 மைல் ஓடி உலகை வென்றவர். அடுத்த ஆண்டு மால்கம் காம்பெல் அதனை விஞ்சவே, இழந்ததை மீட்க 1927 மார்ச்சு 3-இல் அதே மணலில் மீண்டும் ஓடினார். வண்டி கவிழ்ந்தது; அவ்விடத்தே உயிர்நீத்தார். சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலி அறுந்து அவரைத் தாக்கிற்று என்றே நெடுங்காலம் யாவரும் நம்பினர். வண்டியை அம்மணலிலேயே குழிதோண்டிப் புதைத்துவிட்டனர். அப்போது தனியே சிறிய மோட்டார்த் தொழிற்சாலையொன்று நடத்திவந்த ரெயில்டன் அதனை மூடிவிட்டு, புரூக்லண்ட்ஸ் என்னுமிடத்தில் தாமஸின் கூட்டாளிகள் நடத்திய தொழிற்சாலைக்கு வந்து வண்டி வரையும் வேலையை ஏற்றார். அங்கேதான் காப்பின் வண்டி பிறந்தது.

ஓட்டுபவன் தன் உயிரைப் பணயம் வைக்கின்றான். வரைபவன் பிறனுயிரைப் பணயம் வைக்கின்றான். தன் ஆசிரியரை இழந்த ஒருவர் தாம் இழுக்கும் ஒவ்வொரு கோட்டையும் எத்துணை அச்சத்தோடு இழுத்திருப்பார்! அவர் மனத்தை நான் அறியேன். வண்டியின் அமைப்பைக் கொண்டு இங்ஙனம் உய்த்துணர்கின்றேன்.

இனி அவ்வமைப்பு. உடல் ஒடுங்கவேண்டுமாயின் இரண்டு பெரிய எஞ்சின்களை எங்கே வைப்பது? பாம்பு நெளிந்தாற்போல் வளைந்த ஒற்றை முதுகெலும்பை அடிச்சட்டமாக அமைத்து, அவ்வளைவுகளில் எஞ்சின்களைப் பக்கத்துக்கொன்றாகச் சாய்த்து வைத்தார் ரெயில்டன். ஒன்று முன்சக்கரங்களையும் மற்றொன்று பின்சக்கரங்களையும் சுழற்றும். ஆற்றல் நான்கு சக்கரங்களுக்கும் பகிரப்படவே, வழுக்கும் உப்புத்தரையில் பிடிப்பு மிகுந்தது, சக்கரத்துக்குப் பாரமேற்றிப் பிடிப்பூட்டும் தேவை குறைந்தது, எடையும் குறைந்தது. பின்சக்கரங்களை முன்சக்கரங்களைவிட நெருக்கி வைத்தமையால் வால் ஒடுங்கிற்று. ஓட்டுபவரை முன்னச்சுக்கும் முன்னே, மூக்கின் நுனியிலே, உட்காரவைத்தார். அச்சந்தரும் இருக்கைதான்!

எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்குக் காற்று புகும் வாயில் வேண்டும். வாயில் வைத்தால் வடிவு கெடும். ஆதலின் ரேடியேட்டரையே நீக்கிவிட்டு, பனிக்கட்டி நிரப்பிய தொட்டியொன்றை வைத்தார். ஓட்டம் சில நிமிடமே ஆதலின் அப்பனிக்கட்டி போதும். பிரேக்கும் சக்கரங்களில் இல்லை. உள்ளே சுழலுந் தண்டுகளில் இருந்தது. இவற்றையெல்லாம் அலுமினிய ஓடு ஒன்று முட்டைத் தோடுபோல் மூடியது. கதவில்லை, அந்த ஓட்டையே ஆட்கள் தூக்கி எடுத்துவிட்டு உள்ளே வேலை செய்வர். வண்டி தானாகப் புறப்படவும் மாட்டாது; பின்னின்று லாரி தள்ளவேண்டும். நம் வீட்டுக்கு ஆகாத வண்டி!

மற்றொரு விதியையும் அறிதல் வேண்டும். ஒருபுறம் ஓடினால் மட்டும் வெற்றியாகாது. காற்றின் துணையால் ஓடினான் என்ற ஐயம் எழுமன்றோ? ஆதலின் ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையிலும் ஓடவேண்டும். இரண்டின் சராசரியே கணக்கு. அவ்வொரு மணிக்குள் ஓட்டைக் கழற்றி, டயர் மாற்றி, எண்ணெயும் பனிக்கட்டியும் நிரப்பி, மீண்டும் ஓட்டை மூடவேண்டும். அவ்வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு இரண்டாயிரம் முறைக்கு மேல் சுழல்வதால், தடித்த ரப்பர் தன் பாரத்தாலேயே பிய்த்துக்கொண்டு போகும். ஆகவே டயரின் மேற்புறத்தில் மிக மெல்லிய ரப்பரே இருந்தது.

யுத்தம் முடிந்தபின், 1947 செப்டம்பர் 16-இல், அதே வண்டியில் காப் மீண்டும் ஓடினார். ஒரு திசையில் 385 மைலும் மறு திசையில் 403 மைலும் ஓடி, 394.19 என்னுஞ் சராசரி பெற்றார். எஞ்சினாற் சக்கரத்தைச் சுழற்றியோடும் வண்டிகளுள் 1964 வரை அதனை வென்றதில்லை. ஜெட் எஞ்சின் உந்த 1997-இல் ஒலியையும் கடந்தோடிய வண்டி வேறு வகையைச் சார்ந்தது. அதனை ஈண்டு விரிக்கவில்லை.

“இத்தகைய விரைவால் உலகுக்கு என்ன பயன்?” என்று முன்வரிசையிலிருக்கும் பெரியவர் கேட்கக் கருதுவது அவர் முகத்திலே தெரிகின்றது. பயன் பெரிதென்று நான் வலிந்து வாதாடவில்லை. உயிர்கள் போயின என்பதும் உண்மை. காப் 1952 செப்டம்பர் 29-இல் ஸ்காட்லாந்து நாட்டு நெஸ் ஏரியில் ஜெட் படகில் மணிக்கு 200 மைலுக்கு மேல் விரைந்தபோது படகு சிதறி இறந்தார். அப்படகை வரைந்தவரும் ரெயில்டனே. நிலத்தில் காத்த கை நீரிற் காக்கவில்லை. இளமையில் ஆசிரியரையும், பின்னர்த் தம் வரைவை நம்பி ஏறிய நண்பரையும் அவர் இழந்தார்.

காப்பின் வண்டி இன்று பர்மிங்ஹாம் நகரக் காட்சிசாலையில் இருக்கின்றது. பெண்டைன் மணலிற் புதையுண்ட ‘பாப்ஸை’ 1969-இல் தோண்டியெடுத்துப் பல ஆண்டு பாடுபட்டுச் செப்பஞ்செய்து மீண்டும் ஓடச்செய்தனர். வெளியே எடுத்து ஆராய்ந்தபோது, சங்கிலியறுந்ததே தாமஸின் சாவுக்குக் காரணம் என்னும் பழைய கருத்து ஐயத்துக்கிடமாயிற்று. பின்சக்கரம் முறிந்தமையே காரணமாகலாம் என்பர். அவ்வண்டி நாற்பத்திரண்டு ஆண்டுக்குப்பின் மணலினின்றும் வெளிவந்த காலத்தில் ரெயில்டன் எழுபதைக் கடந்த முதியவராய்க் கலிபோர்னியாவில் உயிரோடிருந்தார்.