உழைக்கும் தசையும் அதன் களைப்பும்

(புதுச்சேரியில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குக் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



மூட்டை சுமப்பவரும் நாற்று நடுபவரும் பிற்பகலில் தளர்வதைக் கண்டு, சோம்பல் என்று எளிதிற் கூறிவிடுகிறோம். அத்தளர்ச்சிக்குத் தேகத்தினுள்ளேயே காரணமுண்டு என்பதைத் தங்கள் முன் விளக்க விரும்புகிறேன்.

தசை மெல்லிய நார்களாலாயது. ஒவ்வொரு நாரினுள்ளும் ஆக்டின், மயோசின் என்னும் இருவகை இழைகள் அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. நரம்பின் வழியே கட்டளை வந்ததும் கால்ஷியம் என்னும் சுண்ணச்சத்து வெளிப்படும். உடனே மயோசினின் தலைகள், கிணற்றுக் கயிற்றைக் கைமாற்றி இழுப்பதேபோல், ஆக்டினைப் பற்றியிழுக்கும். இழைகள் குறுகுவதில்லை, ஒன்றையொன்று உராய்ந்து நழுவுவதால் தசை சுருங்குகின்றது. இவ்வுண்மை 1954-ல் வெளியாயிற்று.

இவ்வேலைக்குச் செலவாகும் பொருள் ஏ.டி.பி. என்பதாம். சென்னை வைத்தியக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகடை சுப்பாராவ், அமெரிக்காவில் பிஸ்க் என்பாருடன் 1927-ல் பாஸ்போகிரியாட்டினையும், 1929-ல் ஏ.டி.பி.யையும் தசையிற் கண்டறிந்தார். ஜெர்மானியரான லோமனும் அவ்வாண்டே பின்னதைக் கண்டார்.

நமது கணக்கு வழக்கிற் சொன்னால், ஏ.டி.பி. கைரொக்கம், சில விநாடிகளுக்கே போதும். பாஸ்போகிரியாட்டின் அவசரக் கைமாற்று. அதுவும் பத்து விநாடியளவில் தீரும். அப்பால், உண்ட சோற்றிலிருந்து தசையிற் சேர்ந்த கிளைக்கோஜன் என்னும் களஞ்சியத்தைத் திறக்கவேண்டும். பிராணவாயு போதிய அளவிருந்தால் அதினின்று மிகுந்த வரவு கிடைக்கும். இல்லையேல் வரவு சொற்பம். செலவாகும் சக்தியில் ஏறக்குறையக் காற்பங்கே வேலையாகிறது; எஞ்சியது உஷ்ணமாகிறது. வியர்வை பெருகுவது அதனாலேயே.

களைப்புக்கு லாக்டிக் அமிலமே காரணமென்று முன்னர்க் கருதினர். தசையிற் பாஸ்பேட் சேர்வதும், கால்ஷியம் குறைவாய் வெளிப்படுவதும், களஞ்சியம் வற்றுவதும், மூளையின் கட்டளை தளர்வதும் சேர்ந்தே களைப்பாகின்றன என்பது இக்காலத்துத் துணிபு. இவற்றை வசவும் அதட்டலும் நீக்கமாட்டா. ஓய்வும், ஆகாரமும், நீரும், நித்திரையுமே நீக்கும்.

இந்நகரத்து ஆலைத் தொழிலாளர் இதை அனுபவத்தால் அறிந்திருந்தனர். நீண்ட வேலைநேரத்தைக் குறைக்கவேண்டுமென்று வ. சுப்பையா முதலானோர் தலைமையிற் கிளர்ச்சி செய்தனர். 1936 ஜூலை 30-ல் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் 12 தொழிலாளர் மாண்டனர். மறு ஆண்டு, பிரெஞ்சு அரசாங்கத்தின் சட்டத்தால் எட்டு மணி நேர வேலை கிடைத்தது. இன்று நாம் எளிதாய் எண்ணும் அவ்வரம்பு அத்துணை விலைகொடுத்துப் பெற்றதாகும்.

ஆகையால், சங்கக் கிடங்கில் மூட்டை ஏற்றும்போதும், வயலில் நடவின்போதும், உச்சிவெயிலைத் தவிர்த்து, இடையிடையே நிழலில் ஓய்வு கொடுப்பீர்களாக. உப்பிட்ட கஞ்சியோ நீர்மோரோ அருகே இருத்தல் வேண்டும். இரத்தக் கொதிப்புள்ளோர் மட்டும் உப்பின் அளவை வைத்தியரிடம் கேட்டறிக. கூலி கொடுப்பவரும் வாங்குபவரும் நம் சங்கத்திலேயே உள்ளனர். இதனை அடுத்த பொதுக்கூட்டத்தில் யோசித்து, தீர்மானமாக எழுதிக்கொள்ளுமாறு வேண்டி, இத்துடன் முடிக்கிறேன்.