கட்டு பிரித்த பிறகு

தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே இருக்கும் மேற்கை எலும்பு முறிந்தவர்கள் வீட்டில் ஒரு நல்ல நாள் வரும். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு "எலும்பு கூடிடுச்சு" என்று சொல்லும் நாள். பிசியோதெரபிக்கு ஒரு சீட்டும் எழுதித் தருவார். பத்து நாள் போவார்கள். வலி கொஞ்சம் குறைந்ததும் நிறுத்திவிடுவார்கள். இல்லாவிட்டால் வலி தாங்கவில்லை என்று நிறுத்திவிடுவார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருக்கும். கை மட்டும் தோள் உயரத்துக்கு மேல் போகாது. தலை வார முடியாது, முதுகுக்குச் சோப்புப் போட முடியாது, ரயிலில் மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடிக்க முடியாது.

எலும்பைக் கூட்டும் வேலையை உடம்பு பார்த்துக்கொள்ளும். கையை மீட்கும் வேலையை நாம்தான் பார்க்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் எலும்பு கூடிவிடும் என்றால், கை முழுதாகத் தேற ஆறு மாதம் ஆகும். சிலருக்கு ஓராண்டுகூட ஆகும். அந்த மாதங்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

திருநின்றவூர்ப் பக்கத்து மக்களை மனதில் வைத்தே இதைச் சொல்கிறேன். ஊரை ஒட்டிச் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை, அதாவது சி.டி.எச். ரோடு. அம்பத்தூர், திருமழிசை, காக்களூர், கும்மிடிப்பூண்டி என்று விடியற்காலை ஷிப்டுக்கு பைக்கில் பறக்கிற பிள்ளைகள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. இவர்கள் சறுக்கி விழுந்து மேற்கை எலும்பு முறிந்தால், பெரும்பாலும் அதன் நடுப்பகுதியில் முறியும். வீட்டு அம்மாக்களுக்கு நடப்பது வேறு. ஈரத் தரையில் வழுக்கிக் கையை ஊன்றி விழுவார்கள், தோளை ஒட்டிய இடத்தில் முறியும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு, நின்ற இடத்தில் விழுந்ததற்கே இந்த எலும்பு முறிந்ததென்றால், எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறதா என்று கட்டாயம் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். கை ஆறியதோடு அதை விட்டுவிட்டால் அடுத்த விழுதலில் இடுப்பெலும்பு முறியலாம்.

கையை அசைக்காமல் வைத்திருந்தால் ஏன் இறுகிப்போகிறது? தோள் மூட்டைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. கை தொங்கும்போது அதன் அடிப்பக்கம் மடிப்பு மடிப்பாகத் தளர்ந்திருக்கும். கையை உயர்த்தினால் அந்த மடிப்புகள் விரிந்து இடம் கொடுக்கும். வாரக்கணக்கில் கையை மார்போடு சேர்த்தே வைத்திருந்தால் மடிப்புகள் ஒட்டிக்கொண்டு உறை சுருங்கிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த இறுக்கம் எளிதில் வரும், விலகவும் அதிக நாள் எடுக்கும். ஆட்டுக்கால் சூப்பும் முட்டையும் கேழ்வரகும் கொடுங்கள், நல்லதுதான். ஆனால் ஒட்டிய மடிப்பைச் சாப்பாடு விரிக்காது. அசைவுதான் விரிக்கும்.

"அசைத்தால் கூடின எலும்பு மறுபடி விலகிடுமே" என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். இங்கிலாந்தில் நடந்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வை அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். தோளை ஒட்டி, அதிகம் விலகாமல் எலும்பு முறிந்த 86 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு ஒரு வாரத்துக்குள்ளாகவே பிசியோதெரபி தொடங்கினார்கள். இன்னொரு பிரிவினருக்கு மூன்று வாரம் கையை அசைக்காமல் வைத்திருந்து, அதற்குப் பிறகு தொடங்கினார்கள். பதினாறு வாரம் கழித்துப் பார்த்தபோது, முந்தித் தொடங்கியவர்களுக்கே வலி குறைவாக இருந்தது, கையும் நன்றாக வேலை செய்தது. "ஆபரேஷன் பண்ணி ப்ளேட் வெச்சிருந்தா இந்தப் பாடு இருந்திருக்காதே" என்று ஏங்குகிறவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. பிரிட்டனில் 250 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், தோளை ஒட்டிய எலும்பு விலகி முறிந்தவர்களில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் செய்துகொள்ளாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. எல்லா முறிவும் ஒரே மாதிரி அல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். எந்த அசைவை எந்த வாரத்தில் தொடங்கலாம் என்பதை உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே செய்யச் சொல்வது விரல்களை மடக்கி நீட்டுவதும் மணிக்கட்டை அசைப்பதும்தான். மணிக்கட்டு தூக்க வராமல் தொங்கிப்போனால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மேற்கை எலும்பின் நடுப்பகுதியைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு ஓடுகிறது. நடுவில் முறிந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது அடிபடும். பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் ஆனாலும் தானாகவே தேறிவிடும். அதுவரை மணிக்கட்டு இறுகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து ஊசல் பயிற்சி. நல்ல கையை மேசையில் ஊன்றி, இடுப்பில் குனிந்து, அடிபட்ட கையைத் தளர்த்தித் தொங்கவிட்டு, உடம்பை மெல்ல ஆட்டினால் கை தானாக ஆடும். கையில் பலம் போடக் கூடாது. பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் காட்மன் தோளைப் பற்றி 1934-ல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். இந்தப் பயிற்சிக்கு இன்றும் அவர் பெயர்தான். அதற்குப் பிறகு படுத்தபடி ஒரு கம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்குவது, சுவரில் விரல்களால் ஏறுவது, மேலே உருளை மாட்டிக் கயிற்றின் ஒரு முனையை நல்ல கை இழுக்க மறு கை உயர்வது என்று படிப்படியாகப் போகும். கிணற்று ராட்டினமும் நைலான் கயிறும் இருந்தால் போதும். இதற்காக விலை உயர்ந்த கருவி எதுவும் வாங்க வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கை மடங்கவில்லை என்றால் எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவதும், வேறொருவர் பிடித்து இழுத்து மடக்குவதும் நம் பக்கத்தில் சாதாரணம். முழங்கையை ஒட்டி முறிந்தவர்களுக்கு இதைச் செய்யவே கூடாது. நசுங்கிய தசைக்குள்ளேயே புது எலும்பு வளர்ந்து மூட்டு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. அன்போடு நீவிவிட்ட கையாலேயே ஒரு முழங்கை வீணாகிப்போவது எவ்வளவு பெரிய துயரம்! முழங்கையை அதன் சொந்தக்காரரே, தன் பலத்தால், மெதுவாக மடக்க வேண்டும்.

புத்தூர் கட்டைச் சொல்லாமல் திருவள்ளூர் மாவட்டத்தில் எலும்பு முறிவைப் பற்றிப் பேச முடியாது. அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகும் பாதையில் இருக்கிற அந்த ஊருக்குப் பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டும் கட்டுக்காகத் தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் போய் வருகிறார்கள். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல நான் வரவில்லை. போகிறவர்கள் முதலில் ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். தோல் கிழிந்து எலும்பு தெரிந்தாலும், விரல் மரத்துப்போனாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். மாவுக்கட்டோ, புத்தூர் கட்டோ, ப்ளேட்டோ, எதுவாக இருந்தாலும் அதற்குப் பிறகு பயிற்சி செய்தே ஆக வேண்டும்.

சரி, ஏன் பாதியில் விடுகிறார்கள்? சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கூலி வேலை செய்பவருக்கு ஒருநாள் பிசியோ என்றால் ஒருநாள் சம்பளம் போச்சு. போய்வரும் ஆட்டோ செலவு தனி. ஆகவே தினமும் போக முடியாதவர்கள், முடியாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். "வாரத்துக்கு ஒருதரம் வரேன், வீட்டில் செய்ய வேண்டியதை எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். ஒவ்வொரு பயிற்சியையும் அவர் முன்னால் ஒருமுறை செய்து காட்டிவிட்டு வாருங்கள். தோளுக்கு வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் படும் பாட்டைவிட, நாளுக்கு மூன்று நான்கு முறை பத்துப் பத்து நிமிடம் செய்வதே பலன் தரும்.

அரசு மருத்துவமனையிலும் வழி இருக்கிறது. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. திருநின்றவூரிலிருந்து ரயிலில் வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை ரோடு, புட்லூர் தாண்டினால் திருவள்ளூர். வெளியே போகவே முடியாத முதியவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது தெருவுக்கு வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடம் கேளுங்கள்.

இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருக்கும் தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை. வேலையிடத்தில் நடந்த விபத்து, அல்லது வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடந்து பணி சார்ந்ததென்று ஏற்கப்பட்ட விபத்து என்றால், தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். மற்றபடி நோய்க்கால உதவியாக 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. இந்த உரிமை தெரியாமல் ஐந்தாவது வாரமே மெஷினுக்குத் திரும்பி, கையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். சூப்பர்வைசர்களையும் முதலாளிகளையும் கேட்டுக்கொள்கிறேன்: சில வாரம் லைட் டூட்டி கொடுங்கள். தேறிய கையோடு திரும்பும் ஆள் உங்களுக்கும் வேண்டும்.

வலி விஷயத்தில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். பயிற்சியின்போது இழுப்பதும் கொஞ்சம் வலிப்பதும் இயல்பு. ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டால் கவலை இல்லை. ராத்திரி தூக்கத்தைக் கெடுத்து மறுநாளும் நீடித்தால், நிறுத்த வேண்டாம், அளவைக் குறையுங்கள். திடீரென்று சுருக்கென்று வலித்து வீங்கினால் மருத்துவரைப் பாருங்கள். இரவில் மல்லாந்து தட்டையாகப் படுக்காமல் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து, முழங்கைக்கு அடியில் ஒரு சின்னத் தலையணையும் வைத்துக்கொண்டால் தூக்கம் வரும். தூங்கி எழுந்தவரால்தான் காலையில் பயிற்சி செய்ய முடியும்.

இதையெல்லாம்விடப் பெரிய சோதனை, முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான். திருநின்றவூர்க்காரர்களுக்குத் தங்கள் ஊர்ப் பூசலார் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. கோயில் கட்டப் பொருள் கிடைக்காத அவர், மனத்துக்குள்ளேயே நாள் பார்த்து, கல் சேர்த்து, அடித்தளத்திலிருந்து ஒவ்வொன்றாக எழுப்பினார் என்கிறது பெரியபுராணம். காஞ்சியில் கற்கோயில் எழுப்பிய பல்லவ மன்னன் தேடி வரும்வரை ஊராருக்கு ஒன்றும் தெரியாது. தோள் பயிற்சியின் மூன்றாவது மாதமும் அப்படித்தான். உள்ளே உறை விரிந்துகொண்டிருக்கும், பார்க்கிறவர்கள் "இன்னுமா சரியாகலை?" என்பார்கள்.

அதனால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஓர் அளவு வேண்டும். சுவரில் விரல் ஏறி நிற்கும் இடத்தில் ஞாயிறுதோறும் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். தினமும் அளந்தால் மனம் சலித்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை போதும். டிகிரி கணக்கெல்லாம் பிசியோதெரபிஸ்ட் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் உங்களுக்கு வேண்டிய ஒரு காரியத்தை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்: கொண்டை போடுவது, மேல் அலமாரிச் சம்படத்தை எடுப்பது, கொடியில் துணி காயப்போடுவது, பேருந்துக் கம்பியைப் பிடிப்பது. அந்தக் காரியம் கைக்கு வந்த பிறகும் பயிற்சியை உடனே விட்டுவிடாதீர்கள்; நிறுத்தச் சொல்ல வேண்டியவர் பிசியோதெரபிஸ்ட்.

வீட்டில் இருப்பவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அம்மா கையை உடைத்துக்கொண்டால் சில வீடுகளில் எல்லாவற்றையும் பிள்ளைகளே செய்துகொடுத்து, அந்தக் கைக்கு வேலையே இல்லாமல் செய்துவிடுகிறார்கள். வேறு சில வீடுகளில் நான்காவது வாரமே அவர் குடம் தூக்க வேண்டியிருக்கிறது. இரண்டுமே வேண்டாம். தட்டு கழுவட்டும், காய் நறுக்கட்டும், சட்டைப் பொத்தானைத் தானே போடட்டும். குடத்தையும் குக்கரையும் நீங்கள் தூக்குங்கள். காலையும் மாலையும் பத்து நிமிடம் அடுப்பை நீங்கள் பார்த்துக்கொண்டு, "போம்மா, போய் எக்சர்சைஸ் பண்ணிட்டு வா" என்று அவரை அனுப்புங்கள். பாதியில் நிறுத்தி மாதக்கணக்கில் ஆகிவிட்டவர்கள், இனி ஒன்றும் ஆகாது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு பிசியோதெரபிஸ்டைப் போய்ப் பாருங்கள்.