ஊரார் கண்ணும் நம் கண்ணும்

(ஆலயத் திருவிழாவின் ஐந்தாம் நாள் இரவு நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சேர்க்கையின் வலிமையைச் சைவர்களாகிய நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. மெய்கண்டார் தம் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரத்தில் அடியாரோடு கூடுதலை ஆலய வழிபாட்டோடு சேர்த்தே வைத்துள்ளார். திருவள்ளுவரோ பெரியாரைத் துணைக்கோடல் என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்தே சிற்றினம் சேராமையை வைத்தார். தனியே ஒரு வேளை உணவைத் துறக்க இயலாதவர், தைப்பூசக் காலத்தில் உடன் விரதமிருப்போர் நடுவே பல நாள் நோன்பைத் தாங்குவதைக் காண்கின்றோம். அதே மனிதர் வேறொரு கூட்டத்தின் நடுவே, தாம் தனியே ஒருபோதும் செய்யத் துணியாததைச் செய்துவிடுவதையும் காண்கின்றோம். கூட்டம் மனிதனுக்குள் புகுந்து என்னதான் செய்கின்றது என்பதே இன்றிரவு என் பேச்சின் பொருள்.

இதனை ஆராய்ந்தவருள் சாலமன் ஆஷ் என்பவர் முக்கியமானவர். 1907-ஆம் ஆண்டு போலந்து நாட்டின் வார்சா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1920-இல் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்த உளவியல் அறிஞர். ஏழு வயதில் பாஸ்கா பண்டிகை இரவன்று பாட்டியார் ஒரு கிண்ணத்தில் திராட்சை மதுவைக் கூடுதலாக ஊற்றி வைத்தாராம். அது யாருக்கு என்று சிறுவன் கேட்க, எலியா தீர்க்கதரிசிக்கு என்றும், அவர் வந்து பருகுவதைக் கவனித்துப் பார் என்றும் உறவினர் ஒருவர் கூறினார். சிறுவன் இமைக்காமல் பார்த்தான். கிண்ணத்தில் மது சற்றே குறைந்தது போல் அவன் கண்ணுக்குத் தோன்றியது. இந்நிகழ்ச்சியை ஆஷ் அவர்களே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கின்றார்.

அவர் அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது தொடங்கிய சோதனை மிகவும் எளியது. ஏழெட்டு மாணவர்கள் வரிசையாக அமர்கின்றனர். ஓர் அட்டையில் ஒரு கோடு. மற்றோர் அட்டையில் நீளம் வேறுபட்ட மூன்று கோடுகள். முதல் கோட்டுக்குச் சமமானது எது என ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிறு பிள்ளையும் தவறாமல் சொல்லிவிடும். ஆயின் அவ்வரிசையில் ஒருவர் தவிர ஏனையோர் அனைவரும் முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்டவர்கள். பதினெட்டுச் சுற்றுகளில் பன்னிரண்டில் அவர்கள் ஒரே குரலாகத் தவறான கோட்டையே காட்டுவார்கள். விவரம் அறியாத அந்த ஒருவர் அவர்களையெல்லாம் கேட்ட பிறகே தம் விடையைக் கூற வேண்டும். பாவம், அவர் கண்ணைக் கசக்கிக்கொள்வார், நாற்காலியில் நெளிவார், அட்டையை மீண்டும் மீண்டும் பார்ப்பார்.

அத்தகைய சுற்றுகளில் அவர்கள் கூறிய விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கூட்டத்தோடு சேர்ந்த தவறான விடைகள். நால்வரில் மூவர் ஒருமுறையேனும் வழுவினர். பின்னர் விசாரித்தபோது, வேறு விதமாகக் கண்டதாக மெய்யாகவே நம்பியவர் மிகச் சிலர்தாம். பலர் தம் கண்ணில்தான் ஏதோ கோளாறு என எண்ணினர். வேறு சிலர் தவறென்று தெரிந்தே, நமக்கேன் வம்பு என ஒத்துப்போயினர்.

நூல்கள் பலவும் இவ்விடத்தோடு நின்றுவிடுகின்றன. மனிதன் ஆட்டுமந்தை என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்திற்குப் போய்விடுகின்றன. அது ஆஷ் அவர்களுக்கு நாம் இழைக்கும் அநீதி. மூன்றில் இரண்டு பங்கு விடைகள் சரியானவை. நால்வரில் ஒருவர் கடைசிவரை ஒருமுறையும் அசையவில்லை என்பதையும் அவர் வற்புறுத்தியே எழுதினார். இன்னும் சுவையான செய்தி ஒன்று உண்டு. அவ்வரிசையில் ஒரே ஒருவரை மட்டும் சரியான விடையைச் சொல்லச் செய்தார் அவர். அப்போது தவறான விடைகள் நூற்றுக்கு ஐந்தாறு என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டன. அந்தத் துணைவர் இடையில் எதிரணிக்கு மாறிவிட்டால் பழைய தடுமாற்றம் மீண்டும் தலைதூக்கியது. எதிர்நிற்போர் மூவராயினும் பதினைவராயினும் அழுத்தத்தில் பெரிய வேறுபாடு இல்லை. நம்மோடு நிற்பவர் ஒருவர் உண்டா இல்லையா என்பதில்தான் வேறுபாடெல்லாம்.

இதைப் படித்தபோது எனக்குத் திருநாவுக்கரசர் பெருமானின் நினைவே வந்தது. பல்லவ மன்னனின் ஆணையையும், நீற்றறையையும், நஞ்சையும், யானையையும், கல்லோடு கட்டிக் கடலில் இட்டதையும் அஞ்சாது நின்றவர் என்று பெரியபுராணம் கூறுவதை நாம் ஆண்டுதோறும் குருபூசையில் கேட்கின்றோம். ஆனால் அந்த வீரத்திற்கு முன்னே திருவதிகையில் ஒரு தமக்கையார் இருந்தார் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. திலகவதியார் ஒருவர்தாம். ஊர் இல்லை, படை இல்லை. தம்பி சமயம் மாறிப் போன நாளெல்லாம் ஆலயத்தை அலகிட்டு மெழுகிக்கொண்டு காத்திருந்த அந்த அம்மையார், திரும்பி வந்தவரின் கையில் திருநீற்றைக் கொடுத்தார்.

நம் பிள்ளைகளின் நிலைமைக்கு வருவோம். 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மலேசிய உள்துறை அமைச்சு, சட்டவிரோதமானவை என 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றுட் சிலவற்றின் பெயர் வெறும் எண்கள். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் அந்த எண்ணைத் தன் புத்தகப் பையில் கிறுக்கத் தொடங்கும் நாளில் அவன் தீயவன் அல்லன். உடன் இருக்கும் ஐவரும் ஒரே விடையைச் சொல்கின்றனர். ஆறாவதாக அவன் சொல்ல வேண்டியிருக்கின்றது. அந்த வரிசையில் வேறு விடை சொல்லும் ஓர் அண்ணன், ஒரு மாமா, ஓர் ஆசிரியர் அமர்ந்திருந்தால் போதும் என்பதே என் கருத்து. அறிவுரைக் கூட்டங்களை நாம் நிறைய நடத்திவிட்டோம். மேடையில் இருந்து பேசுபவர் அவன் வரிசையில் அமர்ந்தவர் அல்லர். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நாம் ஏன் அமர்வதில்லை? அதற்கும் ஒரு சோதனை உண்டு. 1968-இல் பிப் லதானே, ஜான் டார்லி எனும் இருவர் வெளியிட்டது. ஓர் அறையில் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பவரின் எதிரே, சுவரின் துவாரம் வழியாகப் புகை வரும். தனியே இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் எழுந்து சென்று தெரிவித்தனர். ஒன்றும் நடவாதது போல் எழுதிக்கொண்டே இருக்குமாறு சொல்லிவைக்கப்பட்ட இருவரோடு அமர்ந்தவர்களிலோ, பத்துப் பேரில் ஒரே ஒருவர்தாம் எழுந்தார். மற்றவர்கள் இருமினர், கண்ணைத் துடைத்தனர், கையால் புகையை விலக்கிவிட்டு எழுத்தைத் தொடர்ந்தனர். அது நீராவி என்றும் குளிர்சாதனக் கோளாறு என்றும் பின்னர் காரணம் கூறினர். பக்கத்து வீட்டுப் பிள்ளை நள்ளிரவில் யாருடைய காரில் வந்து இறங்குகின்றான் என்பது தாமான் முழுதும் தெரியும். எவர் முகத்திலும் கலக்கம் இல்லாமையால், கலங்க வேண்டிய செய்தியன்று போலும் என ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்கின்றோம்.

இறுதியாக, நிர்வாகக் குழுவினர் பொறுத்தருள வேண்டிய ஒரு செய்தி. ஆஷ் அவர்கள் தம் சோதனையில், விடையை வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுதித் தரச் செய்தபோது கூட்டத்திற்குப் பணிந்தோர் தொகை பெரிதும் குறைந்தது. நம் ஆலயங்கள் பலவற்றின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களில் கட்டட நிதி முதல் கணக்கறிக்கை வரை கைதூக்கியே முடிவு செய்யப்படுகின்றது. முன்வரிசையில் பெரியவர் கை உயர்ந்தால் பின்வரிசைக் கைகள் தாமே உயரும். அதனை ஒற்றுமை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றோம். மாற்றுக் கருத்துடையவர் வெளியே வந்து தேநீர்க் கடையில் பேசுவார். அடுத்த ஆண்டு கூட்டத்திற்கே வாரார்.

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றி அறிந்திருப்பீர்கள். குடவோலை முறையை வாக்கெடுப்பு என்று மேடைதோறும் பேசுகின்றோம். உண்மையில் அது பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, விவரமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்த திருவுளச்சீட்டு முறை. எவர் முகத்தையும் பார்த்து எவரும் அஞ்ச வேண்டியதில்லை என்ற வசதி அதில் இருந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவர்தம் உறவினர் பெயரையும் குடத்தில் இடலாகாது என்று அக்கல்வெட்டு விதிக்கின்றது. இங்குள்ளோர் எவரையும் கருதி நான் இதைச் சொல்லவில்லை. கல்லில் இருப்பதைச் சொன்னேன்.

ஓலைக்குத் திரும்புவது இயலாது. எனினும் வரும் பொதுக்கூட்டத்தில் பணம் தொடர்பான தீர்மானங்களுக்கேனும் தாளில் எழுதி மடித்துப் போடும் முறையைக் கொண்டுவரவும், விவாதத்தின்போது இளைஞர் பகுதியினரை முதலிலும் மூத்தோரை இறுதியிலும் பேச அழைக்கவும் தலைவர் அவர்கள் ஆவன செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். அர்த்தசாம பூசைக்கு நேரமாகின்றது.