தக்காளியும் அதனை ஏந்தும் கலமும்

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் இட்டலியை நேயர்களுள் பலர் அறிந்திருப்பீர்கள். மூங்கிற் குடலையில் மந்தாரை இலையைப் பரப்பி, அதில் மாவை வார்த்து ஆவியில் வேகவைக்கிறார்கள். இலையின் மணம் இட்டலியில் ஏறிவிடுகிறது. கலமானது உணவின் குணத்தை மாற்றும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே இப்படி ஒரு சான்று உண்டு. தக்காளியிலோ இந்த மாற்றம் எப்போதும் நன்மையாய் முடிவதில்லை.

இராயக்கோட்டைப் பக்கத்தில் விலை வீழ்ந்தபோது உழவர்கள் தக்காளியைச் சாலையோரம் கொட்டிய செய்தியைப் பலமுறை படித்திருக்கிறோம். அப்பழத்தைச் சாறாகவும் சாந்தாகவும் காத்து வைக்கலாம் அன்றோ? அதற்குத் துணைபுரிவது அதன் புளிப்பே. அடைத்த உணவில் கொடிய நஞ்சை உண்டாக்கும் 'கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம்' என்னும் நுண்ணுயிர், பி.எச். அளவு 4.6க்குக் கீழே இருப்பின் வளராது. மிகக் கனிந்த சில பழங்களில் புளிப்புக் குன்றுமாதலால், எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்ப்பர். பின்பு கொதிநீரின் வெப்பமே போதும். அவ்வெப்பத்தில் வைட்டமின் சி ஓரளவு அழியும். செந்நிறம் தரும் லைக்கோப்பீனோ பெரும்பாலும் நிலைத்து நிற்கும். சிறிது எண்ணெயுடன் சமைத்தால் உடல் அதனை எளிதில் ஏற்கும்.

புளிப்புக்கு மற்றொரு முகமும் உண்டு. அது உலோகத்தை அரிக்கும். நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவித்தது இதனாலேயே. (அது வெள்ளீயம், நஞ்சாகிய காரீயம் அன்று.) பூச்சுத் தேய்ந்தால் களிம்பு ஏறும், செம்பு சிறிது கலந்தாலும் வைட்டமின் சி விரைவில் கெடும்.

பிரெஞ்சுக்காரரான நிக்கோலா அப்பேர், உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் காய்ச்சிக் காக்கும் முறையை 1810-இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட், தகரக் கலத்தையும் உட்படுத்திக் காப்புரிமை பெற்றார். பாஸ்டர் இதன் காரணத்தை விளக்கியதோ அரை நூற்றாண்டுக்குப் பின்னர்!

கண்ணாடியைப் புளிப்பு அரிக்காது. ஆயினும் 'கெச்சப்' புட்டியின் கழுத்தில் சில வேளை கருவளையம் தோன்றும். கருவியிலிருந்தோ மூடியிலிருந்தோ வந்த இரும்பு, கிராம்பு முதலியவற்றின் துவர்ப்புப் பொருளோடு காற்றுப்படும் இடத்தில் கூடுவதால் விளைவது அது. அதனால்தான் கிராம்பின் தலையைக் கிள்ளியெறிந்துவிட்டுச் சேர்ப்பார்கள்.

தகர டப்பா என்பதும் வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடே. பாட்டியின் பாத்திரத்துக்கு உறவு என்று சொல்லலாம். பலவற்றில் உள்ளே மெருகுப் பூச்சும் உண்டு. அப்பூச்சு இல்லாத டப்பாவில் வெள்ளீயம் தான் சிறிது சிறிதாகக் கரைந்து இரும்பைக் காக்கும். திறந்து காற்றுப் பட்டதும் அக்கரைவு விரைவாகும். ஆகையால் மிஞ்சிய தக்காளிச் சாந்தை அன்றே கண்ணாடிக் கலத்துக்கு மாற்றிக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.