டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய இரவு

(ஏப்ரல் மாதக் கூட்டம் முடிந்ததும் நமது கம்யூனிட்டி ஹாலில் 'பி' பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். இதழ் இணையத்தில் வருவதால் அவர் பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது.)

தண்ணீர் லாரிக் கணக்கும் ஜெனரேட்டர் ரிப்பேரும் பேசி முடித்துக் களைத்துப்போய் இருக்கிறீர்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஏப்ரல் 2 உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள், அதனால் ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் சார் கேட்டார். ஆட்டிசம் பற்றி விளக்க நான் டாக்டர் இல்லை சார், டாக்டரிடம் போவதற்கு முன்னால் நான் பட்ட பயத்தைப் பற்றி வேண்டுமானால் பேசுகிறேன் என்றேன்.

என் மகனை உங்களில் பலருக்குத் தெரியும். நீங்கள் லிஃப்டில் ஏறினால் கேட்காமலே உங்கள் மாடி பட்டனை அழுத்துகிறவன். இப்போது ஏழு வயது. இரண்டு வயதில் அவனுக்கு அந்த லிஃப்டில் ஓடும் எண்கள் அத்தனையும் தெரியும். 'அம்மா' என்று கூப்பிடத் தெரியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். வாசலில் கிடக்கும் செருப்புகளை வரிசையாக அடுக்குவான், ஒன்றை நகர்த்தினால் அரை மணி நேரம் அழுகை. எது வேண்டுமென்றாலும் விரல் நீட்டிக் காட்ட மாட்டான். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஃபிரிட்ஜ் கதவில் வைப்பான்.

ஒன்றரை வயதுத் தடுப்பூசிக்குப் போனபோதே குழந்தைகள் டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தார். எம்-சாட் என்று பெயர். 16 மாதத்திலிருந்து 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கானது. 20 கேள்விகள், ஆமாம் அல்லது இல்லை என்று டிக் அடிக்க வேண்டும். இது சந்தேகத்தைக் கண்டுபிடிக்கத்தான், இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, குழந்தை வளர்ச்சி நிபுணர் ஒருவரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு ஒன்பது மாதம் என் ஹேண்ட்பேக்கில் இருந்தது.

இரண்டு தடவை அப்பாயின்ட்மென்ட் வாங்கி இரண்டு தடவையும் ரத்து செய்தேன். ஒரு தடவை, குழந்தைக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். மாமியார், "இவன் அப்பாவே மூணு வயசுக்கு மேலதான் பேசினான்" என்றார். அது எனக்கு வசதியாக இருந்தது. அவர்மேல் பழி போட மாட்டேன், அப்படி யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தவள் நான்தான்.

மூன்றாவது அப்பாயின்ட்மென்டுக்கு முந்தைய வாரம் நான் செய்ததை இதுவரை வெளியில் சொன்னதில்லை. குழந்தைக்குக் கோச்சிங் கொடுத்தேன். எல்.கே.ஜி. இன்டர்வியூவுக்குத் தயார் செய்கிற மாதிரி. மூக்கு எங்கே, கண் எங்கே, டாட்டா காட்டு, இங்கே பார், என் கண்ணைப் பார். ஒரு தடவை திரும்பினால் ஒரு ஜெம்ஸ் மிட்டாய். அவன் பாஸாகிவிட்டால் எனக்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். 'எனக்கு' என்றுதான் நினைத்தேன், கவனியுங்கள்.

முந்தைய இரவு தூக்கமே இல்லை. கர்ப்பமாக இருந்தபோது நைட் ஷிப்ட் பார்த்தேனே, அதனாலா? டிவி போட்டுச் சோறு ஊட்டினேனே, அதனாலா? ஒரு காலத்தில் டாக்டர்களே தாயின் பாசக் குறைவுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தவறு என்று தெரிந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. தடுப்பூசியால் வருகிறது என்று கிளப்பிய 1998 ஆய்வுக் கட்டுரையையும் அதை வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. அன்று இரவு இரண்டு மணிக்குக் கையில் போன் மட்டும்தான் இருந்தது.

காலையில் அந்த அறைக்குள் போனால், நான் பயந்த மாதிரி எதுவுமே அங்கே இல்லை. தரையில் ஒரு பாய், ஒரு கூடை பொம்மை. டாக்டரும் தரையில் உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதினார். நான் அவசர அவசரமாக, "கண்ணா, மூக்கு எங்கே, ஆன்ட்டிக்குக் காட்டு" என்றேன். அவன் பொம்மைக் காரைக் கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். டாக்டருக்குப் புரிந்துவிட்டது. "அவன் வீட்டில் எப்படி இருப்பானோ அப்படியே இருக்கட்டும்மா. நீங்கள் கொஞ்சம் சாய்ந்து உட்காருங்கள்" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். பாத்ரூம் போய் முகம் கழுவிக்கொண்டு வரச் சொல்லி, வந்தபிறகு தொடர்ந்தார்.

ஆட்டிசம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. குழந்தையைப் பார்க்கிறார்கள், நம்மைக் கேட்கிறார்கள். எப்போது உட்கார்ந்தான், எப்போது நடந்தான், சொன்ன வார்த்தை எதையாவது பிறகு விட்டுவிட்டானா, மற்ற குழந்தைகளோடு எப்படி. காது சரியாகக் கேட்கிறதா என்று ஒரு டெஸ்ட் எழுதினார்கள், கூப்பிட்டால் திரும்பாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் அல்லவா? முதல் நாளில் முடிவு சொல்லவில்லை. ஆனால் பேச்சுப் பயிற்சியை உடனே ஆரம்பிக்கலாம், அதற்கு ரிப்போர்ட் வரவேண்டும் என்று காத்திருக்க வேண்டாம் என்றார். ஒன்பது மாதம் எனக்கு உறைத்தது அப்போதுதான். இரண்டாவது தடவை போனபோது ஆட்டிசம் என்று சொன்னார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவன் வழக்கம்போல லிஃப்ட் எண்களைப் பார்த்துச் சிரித்தான்.

இன்னொரு பயம், டாக்டர் எழுதிவிட்டால் அது ஸ்கூல் வரைக்கும் போய்விடுமோ என்பது. மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேறு விஷயம். நாம் விண்ணப்பித்தால்தான் வரும். 2016 சட்டப்படி ஆட்டிசத்துக்கும் அது உண்டு. நாங்கள் ஒரு வருஷம் யோசித்துவிட்டுத்தான் வாங்கினோம்.

போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். வீட்டில் அவன் விளையாடுவது, சாப்பிடுவது, கூப்பிட்டால் என்ன செய்கிறான் என்பதைப் போனில் சின்னச் சின்ன வீடியோவாக எடுத்துக்கொண்டு போங்கள். கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், உள்ளே போனால் மறந்துவிடும். வீட்டுக்காரரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். பணம் ஒரு தடை என்றால், அரசு மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்ற குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது. நம் ஈ.சி.ஆரில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனமே இருக்கிறது. நம் வீட்டு வேலைக்கு வருகிற பெண்களிடமும் செக்யூரிட்டி அண்ணன்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் என்றதும் ஞாபகம் வருகிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். அன்று டாக்டர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கக் கேட்க, "இது நானும் பண்ணுவேனே" என்றார் மெதுவாக. குடும்பத்தில் இப்படி வருவது உண்டு, பெரியவர்களும் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நாற்பத்திரண்டு வயதில் அவருக்கு இப்போது அடுத்த வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட். இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று. ஆபீசில் ஆடிட்டாம். நான் ஒன்றும் சொல்வதில்லை, எனக்கு அந்தக் காய்ச்சல் தெரியும்.

உங்களில் யாருக்காவது அந்த மாதிரி ஒரு சீட்டு ஹேண்ட்பேக்கில் இருந்தால், வெயிட்டிங் ஹாலில் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டுமென்றால், நான் வருகிறேன். என் வீடு எதுவென்று உங்களுக்குத் தெரியும். காலிங் பெல்லை ஒரு தடவை மட்டும் அடியுங்கள். இரண்டாவது தடவை அடித்தால் அவன் காதைப் பொத்திக்கொள்வான்.